சுறா எண்ணெய் அனுப்பமாட்டேன்

“இதுக்கு யாருங்க எண்ணெய் பூசினது?”

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, பரீட்சை தொடங்கும் நாள் காலையில், எங்கள் பழைய காரின் அடியில் படுத்துக்கிடந்த ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய கால்கள் மட்டுந்தான் வெளியே தெரிந்தன. காரைச் சுற்றி நாங்கள் ஏழு பேர் நின்றோம். எண்ணெய் பூசியது நான். முப்பது வருடம் வகுப்பில் கேள்வி கேட்டே பழகிய எனக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மகன், உன்னுடைய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்ததில் இருந்து அந்தக் கேள்விதான் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் வழக்கம்போல் சுகம் விசாரித்துத் தொடங்காமல் இப்படித் தொடங்குகிறேன். எல்லோரும் சுகம். அப்பாவின் கண் மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கலாகிவிட்டது. முன் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நான் எழுதுவதை வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வான் வாங்கியது சந்தோஷம். கலியாணத்துக்கு முதல் சொந்தக் காசில் ஒரு வாகனம் வேண்டும் என்று நீ வவுனியாவில் கிடந்து உழைத்தது எங்களுக்குத் தெரியும். வாங்கிய கையோடு சில்லுக்குக் கீழே படுத்துப் பார்த்திருக்கிறாய், அது அதைவிடச் சந்தோஷம். எத்தனை பேர் வாகனம் வாங்கிவிட்டு மேலே மினுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முன்பக்கத்து ஸ்டியரிங் எண்டுகள் இரண்டிலும் துருக்கறள் பிடித்திருக்கிறது என்று எழுதினாய். வாகனக் கம்பனிச் சாமான் இல்லை, வெளியில் செய்த வெளிச் சாமான், ஆனாலும் பூட்டி நாலு மாதந்தான் என்று விற்றவர் சொன்னாராம். நீ கம்பிப் புறசால் தேய்த்து, கறுப்புப் பெயின்ற் அடித்து, இப்போது புதுசு மாதிரி இருக்கிறதாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தாய்: “சனிக்கிழமை பொம்பிளை வீட்டாக்கள் ஒன்பது பேரையும் ஏத்திக்கொண்டு மடுக் கோயிலுக்குப் போய், அங்கயிருந்து நேர இஞ்ச வாறன். அதுக்கு முதல், எங்கட காரைக் காப்பாத்தின அந்தச் சுறா எண்ணெயில ஒரு போத்தல் பஸ்ஸில குடுத்துவிடுங்கோ அம்மா. எண்டுக்குப் பூச வேணும்.”

வாசித்ததும் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுறா எண்ணெய் அந்தக் காரைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது என்று உன்னை நம்பவைத்தவள் நான். இப்போது அந்தச் சொல்லை நம்பி ஒன்பது பேரை ஏற்றப்போகிறாய். எனவே முழுவதையும் எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

முதலில் அந்தச் சாமானைப் பற்றி. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தெரிந்ததைத் திருப்பிச் சொல்லாவிட்டால் எனக்குப் பாடம் நடத்திய மாதிரி இராது. ஸ்டியரிங்கை நீ திருப்பினால் அந்தத் திருப்பத்தைச் சில்லுவரைக்கும் கொண்டுபோவது ஒரு இரும்புத் தடி. தடியின் நுனியில் இருப்பதுதான் எண்ட். உன் தோளை நினைத்துக்கொள். தோளில் ஒரு எலும்புக் குண்டு, அதை ஏந்தும் ஒரு கிண்ணம், அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. எண்டிலும் அப்படி ஒரு குண்டு, ஒரு கிண்ணம், உள்ளே கொஞ்சம் கிறீஸ், அதை மூடி ஒரு றப்பர் தொப்பி. தடியில் கறள் பிடித்தால் அது தோலில் வரும் தேமல் மாதிரி, சுரண்டிப் பெயின்ற் அடித்தால் பல வருடம் ஓடும். குண்டும் கிண்ணமும் கறள் பிடித்தால் அது வேறு வருத்தம், உள்நோய். குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றால் ஸ்டியரிங் உன் கையில் இருக்கும், சில்லு தன்பாட்டில் போகும்.

எங்கள் காரில் இருந்தவை அதற்குரிய பழைய எண்டுகள், கனமான சாமான். ஓடி ஓடித் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தன. சண்டை நடந்த அந்த நாட்களில் பற்றறியில் இருந்து கிறீஸ் வரைக்கும் ஒன்றும் மன்னார்த் தீவுக்குள் ஒழுங்காக வருவதில்லை. கொழும்பில் இருந்து வந்த ஒருவர் துணிமணிகளுக்குள் சுற்றி இரண்டு வெளிச் சாமான் எண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக் கரண்டி மாதிரி மினுங்கின. அப்பா அவற்றைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பூட்டி மூன்று கிழமை ஆகவில்லை, மினுக்கம் போய் மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறத்தில் சொறி பிடித்த மாதிரிக் கறள் கிளம்பிவிட்டது. எங்கள் வீதியை உனக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கடல், மாரியில் உப்புத் தண்ணி வீதியிலேயே நிற்கும், சோளகக் காற்றில் மண் பறக்கும். இதற்கெல்லாம் செய்த சாமானா அது? மேலே பூசியிருந்த மினுக்கம் கண்ணுக்குத்தான், காற்றுக்கு அல்ல.

அங்கேதான் நான் உள்ளே வந்தேன். நான் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பித்தவள், அதோடு பள்ளிமுனையில் வள்ளம் வைத்திருந்தவரின் மகள். இரண்டும் சேர்ந்தால் தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும். கறள் பிடிக்கக் காற்றும் ஈரமும் வேண்டும், இரண்டையும் மறித்தால் கறள் இல்லை, இது எட்டாம் வகுப்புப் பாடம். எதனால் மறிப்பது? என் ஐயா வருடம் முழுக்கக் கடலில் கிடந்த வள்ளத்துக்குச் சுறா ஈரலைக் காய்ச்சிய எண்ணெயைத்தான் பூசினார். பலகை பத்து வருடம் அசையாமல் இருந்தது. கிறீஸ் கிடைக்காத காலத்தில் இதைவிட நல்ல வழி என்ன? ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய சீலைத் துண்டைத் தோய்த்து, அந்த இரண்டு எண்டுகளுக்கும் தலை முதல் கால் வரை பூசினேன். றப்பர் தொப்பிக்கு இரண்டு தரம் பூசினேன், அது காய்ந்து வெடித்துவிடக்கூடாது என்று. அப்பா நாலு வீடு தள்ளி நின்று மூக்கைப் பொத்துவார். “காரில ஏறுற சனம் மீன் சந்தைக்குப் போறமெண்டு நினைக்கப்போகுது.” நான் கேட்கவில்லை. கறள் நின்றுவிட்டது. எண்டு கருங்காலி மாதிரிக் கறுத்து மினுங்கியது. எனக்கு அது போதவில்லை, பரீட்சை எடுக்கப்போகும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுவந்து குனிந்து பார்க்கச் சொல்லி, “பாருங்கோ, காத்தும் போகாது, தண்ணியும் போகாது” என்று ஒரு பாடமும் நடத்தினேன்.

மரமும் றப்பரும் ஒன்றல்ல என்பதை நான் யோசிக்கவே இல்லை. மரம் எண்ணெயைக் குடித்துப் பலப்படும். அந்த றப்பர் எண்ணெயைக் குடித்து ஊதும், ஊதி இளகும், இளகிக் கிழியும். எனக்குத் தெரிந்த இரண்டு விஷயமும் சரி. அவற்றை வைத்த இடந்தான் பிழை. வள்ளக்காரர் வீட்டில் பிறக்காத ஒருத்தி இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டாள்.

அந்த வருடம் சாதாரணதரப் பரீட்சைக்கு எங்கள் பக்கத்தில் இருந்து ஐந்து பிள்ளைகள். மண்டபம் மன்னார் ரவுணில், பதினைந்து மைல். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. இடையில் ஆமிச் சென்றிகளில் இறக்கிச் சோதித்து ஏற்றுவார்கள். எனவே பரீட்சை நாட்களில் அப்பா காரில் கொண்டுபோய் விடுவதென்று தாய் தகப்பன்மாருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். அந்த ஐந்து பேரும் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மரத்துக்குக் கீழே படித்து, ஒரு வருடம் பிந்தித்தான் பரீட்சைக்கே வந்தவர்கள். இதுவும் தவறினால் அடுத்த வருடம் ஆர் எங்கே இருப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நீ அப்போது கொப்பளிப்பான் அம்மை வந்து உள்ளறையில் வேப்பிலைக்கு நடுவில் கிடந்தாய். அதனால்தான் நீ ஒன்றையும் காணவில்லை.

காரைத் தள்ளித்தான் ஸ்ரார்ட் பண்ண வேண்டும். ஒரு மூடி பெற்றோலில் உயிர் வரப்பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வீதி முழுக்கப் புகை விட்டுக்கொண்டு ஓடுவதுதான் அந்தக் காலத்துக் கார். தள்ளுவதற்கு வருகிறவர் மாரிமுத்து. பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்தவர். மலைநாட்டில் தேயிலைத் தொழிற்சாலையில் மெசின்களுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, பிறகு அங்கே நடந்த அடிபிடிகளில் வீடு எரிந்து முருங்கன் பக்கம் வந்து, அங்கும் இருக்கமுடியாமல் தீவுக்குள் வந்து சேர்ந்தவர். கையில் அவ்வளவு வேலை தெரிந்த மனிதருக்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் சென்றியைத் தாண்டி, வாகனம் திருத்தும் ரவுண் கராச்சுகளுக்கு வேலைக்குப் போக முடியாது. எனவே தேங்காய் உரித்தார்.

பிள்ளைகள் ஏறி இருந்துவிட்டார்கள். நான் முன்னால் ஏறப்போகிறேன். மாரிமுத்து பின்னால் கை வைத்துத் தள்ளத் தொடங்கியவர், நாலு அடி வைத்து நின்று, பக்கத்தால் வந்து முன்சில்லுகளைப் பார்த்தார்.

“தள்ளுங்கோ மாரி, பிள்ளையளுக்கு நேரம் போகுது” என்றார் அப்பா.

“தள்ளுறது இருக்கட்டும் ஐயா. வலது வீலு ரோட்டப் பாக்குது, இடது வீலு கடலப் பாக்குது.”

“காத்துக் குறைவா இருக்கும்.”

“காத்தும் இல்ல, பேயும் இல்ல. எறங்குங்க எல்லாரும்.” சொல்லிக்கொண்டே சாரத்தை மடித்துக் கட்டிக் காருக்குக் கீழே போய்விட்டார்.

அப்பாவும் ஐந்து பிள்ளைகளும் இறங்கினார்கள். அதில் ஜசிந்தா என்று ஒருத்தி, வாய் ஓயாதவள், “ரீச்சர், மாரியண்ணை எங்களுக்கு முதலே சோதனை எடுக்கிறார்” என்றாள். மற்றவர்கள் பயத்தோடு சிரித்தார்கள். அப்போதுதான் கீழேயிருந்து அந்தக் கேள்வி வந்தது. “இதுக்கு யாருங்க எண்ணெய் பூசினது?” குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயம். நான் பிள்ளைகளைப் பார்த்தேன். பார்த்துப் படியுங்கள் என்று அதே எண்டைக் காட்டிப் பாடம் நடத்தியது ஒரு மாதத்துக்கு முன்புதான். வாயைத் திறந்தேன், மூடினேன்.

“நான்தான்” என்றார் அப்பா.

மாரிமுத்து வெளியே தலையை நீட்டி அவரை ஒரு பார்வை பார்த்தார். “நல்லாப் பூசினீங்க போங்க. எங்க ஃபேக்டரியில ரப்பர் பெல்ட்டுல இப்புடி எண்ணெய் பட்டிருந்தா தொர தோல உரிச்சு அதுலயே பெல்ட்டு தச்சிருப்பாரு.” பிள்ளைகள் பலமாகச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் ஒருவர்தான் கவனித்திருப்பார்.

இடது எண்டின் றப்பர் தொப்பி தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி இருந்தது. மேலே முழுசாகத் தெரிந்தாலும் கீழே, நாங்கள் குனிந்தாலும் காணாத பக்கத்தில், வாய் பிளந்திருந்தது. அதற்குள்ளால் மண்ணும் உப்புத் தண்ணியும் போய், என்னுடைய எண்ணெயிலேயே ஒட்டிப் பிடித்து, உள்ளே அம்மியில் அரைத்த மாதிரிக் குண்டைத் தின்றிருந்தது. அப்பா இன்னும் நம்பவில்லை. மெல்ல ஓட்டிக்கொண்டு போகலாம், போய் வந்து பார்ப்போம் என்றார். அவருக்கும் பிள்ளைகளின் நினைப்புத்தான். மாரிமுத்து வாதாடவில்லை. காரின் முன்னுக்கு வந்து அதன் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். “ஏத்திட்டுப் போங்க ஐயா. ஆனா எம்மேல ஏத்திட்டுப் போங்க.” கூலிக்கு வேலை செய்கிறவர், ஊருக்குப் புதிது, அட்டை இல்லாதவர், எங்களிடம் நாலு காசு வாங்குகிறவர். வேறு யாரும் என்றால் நமக்கென்ன என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த நிற்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?” என்றார் அப்பா.

“கழட்டுன பழசு எங்கங்க?”

பழைய எண்டுகளில் ஒன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என் மேசையில் இருந்தது. கடற்காற்றில் தாள் பறக்காமல் இருக்க நான்தான் பாரமாக வைத்திருந்தேன். ஜசிந்தா பரீட்சைச் சப்பாத்தோடு ஓடிப்போய் எடுத்துவந்தாள். மாரிமுத்து அதை ஆட்டிப் பார்த்தார், றப்பரை நசித்துப் பார்த்தார், காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்டார். “இது எங்க ஆத்தா பல்லு மாதிரிங்க. ஆடும், விழாது. இன்னிக்கு இதுலயே போங்க. வலதுல இருக்கிறது ஊதியிருக்கு, ஆனா கிழியல, இன்னிக்குத் தாங்கும்.”

கழற்றுவதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது. சில்லுப் பக்கத்தில் எண்ட் பூட்டியிருக்கும் கண்ணின் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலை வைத்து ஒரே நேரத்தில் அடித்தார், கூம்பு மாதிரி இறுகியிருந்த தண்டு ஒரு தட்டில் விட்டது. திருகுப்புரியில் ஏறும் மறை நட்டு கறளோடு ஒட்டியிருக்கும், வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று பயந்தோம். அது மட்டும் வெண்ணெய் மாதிரிச் சுழன்று வந்தது. “எண்ணெய்க்கு இந்த ஒரு புண்ணியம் இருக்குங்க ஐயா” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “டீச்சரம்மா, நான் சுத்திக் கழட்டுறேன். எத்தன சுத்துன்னு எண்ணுங்க. அத்தன சுத்துத்தான் பழசையும் உள்ள ஏத்தணும். கூடுனாலும் கொறஞ்சாலும் வீலு மறுபடி கடலப் பாக்கும்.” நான் எண்ணத் தொடங்கினேன். ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து எண்ணினார்கள். பதின்மூன்றரை. “பை பெருக்க வேணுமோ ரீச்சர்?” என்று கேட்டாள் ஜசிந்தா. அன்றைக்கு முதல் பரீட்சையே கணிதந்தான்.

பதின்மூன்றரையில் நிறுத்தியதும், கழற்றிய புது எண்டை மாரிமுத்து அப்பாவின் முன்னால் பிடித்து ஒரு திருகாணிச் சாவியை உள்ளே விட்டு மெல்ல நெம்பினார். பலம் போடவில்லை. சோற்றுக்குள் இருந்து கல்லை எடுக்கிற மாதிரித்தான் நெம்பினார். குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்து மண்ணில் விழுந்தது. அரைத்த மிளகாய் நிறத்தில் ஒரு சேறு அதன் பின்னால் ஒழுகியது. அப்பா குனிந்து அந்தக் குண்டை எடுத்து, சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு, “சரி மாரி, பழசைப் பூட்டிப்போட்டுத் தள்ளுவம்” என்றார்.

அன்றைக்கு இருபது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. பழைய எண்டு வழி முழுக்கக் கடகடத்தது. சென்றியில் இறங்கி, வரிசையில் நின்று, பிள்ளைகளின் பரீட்சைக் கடதாசியைக் காட்டி, திரும்ப ஏறினோம். தோட்டவெளி தாண்டும்போது பின்னால் பிள்ளைகள் சூத்திரம் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவிடம் மெல்லக் கேட்டேன், “ஏன் நீங்கள் பூசினதெண்டு சொன்னனீங்கள்?” அவர் வீதியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரீச்சர் சொல்லித்தந்தது பிழையெண்டு இண்டைக்குக் காலமை தெரிஞ்சா, சொல்லித்தந்த மற்றதும் பிழையோ எண்டு அதுகள் மண்டபத்துக்குள்ள இருந்து யோசிக்கும். எனக்கென்ன, நான் றைவர்தானே.” மகன், அந்த மனிதரோடு நான் எத்தனையோ விஷயத்துக்குச் சண்டை பிடித்திருக்கிறேன். அந்த ஒரு பதிலுக்காக மிச்சம் எல்லாவற்றையும் கழித்துவிடலாம். மணி அடித்த பிறகுதான் மண்டப வாசலில் போய் நின்றோம். வினாத்தாள் கொடுத்து முடியவில்லை. ஐந்து பேரும் ஓடினார்கள், ஐந்து பேரும் எழுதினார்கள்.

பரீட்சை எல்லாம் முடிந்த நாள் அந்த ஐந்து பேரையும் மாரிமுத்துவையும் வீட்டில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, எண்ணெய் பூசியது நான், பாடமும் பிழை, பூசிய இடமும் பிழை என்று சொன்னேன். அப்பா சொன்ன நியாயம் பரீட்சை முடியும்வரைக்குந்தான், அதற்குப் பிறகு மறைத்தால் அது வெறும் பொய். பிள்ளைகள் பெரிதாக எடுக்கவில்லை. “அப்ப அந்தக் கேள்வி வந்திருந்தா எங்களுக்குப் பிழை போட்டிருப்பினம் ரீச்சர்” என்று ஜசிந்தா ஒரு கணக்குத் தீர்த்தாள். மாரிமுத்துதான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, “எனக்கு அன்னிக்கே தெரியுங்க” என்றார்.

“எப்பிடித் தெரியும்?”

“ஐயா பூசியிருந்தா பாதி தரையில இருக்கும். இது பொட்டு வச்ச மாதிரி மூலமுடுக்கெல்லாம் பூசியிருந்துச்சு. அதோட உங்க சீலையில சுறா வாடை.”

“தெரிஞ்சுகொண்டோ கேட்டனீர்?”

“யாரு பூசுனதுன்னு திட்டவா கேட்டேன்? எத்தன நாளாப் பூசுறாங்கன்னு தெரியணும். ஒரு தடவன்னா ரப்பர் தாங்கும், மாசக்கணக்குன்னா உள்ள குண்டு போயிருக்கும். பூசினவங்களக் கேட்டாத்தானே தெரியும்.”

அவர் கேட்டது வைத்தியர் கேட்கிற கேள்வி, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்கிற மாதிரி. நான் அதைக் குற்றம் சாட்டுகிற கேள்வியாக எடுத்து வாயை மூடிக்கொண்டேன். நான் அன்றைக்கு உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் காரின் மூக்கில் கை ஊன்றி நிற்கவேண்டியே வந்திராது. அதற்குப் பிறகு வகுப்பில், “இதை ஆர் செய்தது?” என்று கேட்க முதல், நான் கேட்பது தண்டிக்கவா, தெரிந்துகொள்ளவா என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். உனக்கும் ஒரு வீடு வரப்போகிறது. உடைந்ததை, கருகியதை, காணாமல்போனதைப் பற்றி வரப்போகிறவளிடம் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள். மாரிமுத்து அடுத்த வருடம் குடும்பத்தோடு பெருநிலத்துக்குத் திரும்பிவிட்டார். போகிற அன்று காரைச் சுற்றி ஒரு தரம் நடந்து, ஒவ்வொரு எண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இனி உனக்குச் சொன்னது. பரீட்சை தொடங்கிய அன்று பின்னேரம் நீ வேப்பிலைப் படுக்கையில் இருந்து, “காலமை சுத்தியல் சத்தம் கேட்டுது, காருக்கு என்ன?” என்று கேட்டாய். “ஒரு எண்டை மாத்தினது, சுறா எண்ணெய் பூசியிருந்தபடியால் நட்டு சுகமாய்க் கழண்டுது” என்று சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நட்டு சுகமாகத்தான் கழன்றது. ஆனால் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டேன். பிள்ளைகளிடம் சொல்ல முடிந்தது, மாரிமுத்துவிடம் சொல்ல முடிந்தது, உன்னிடம் சொல்ல மட்டும் ஏதோ தடுத்தது. நீ அந்த வயதில் அம்மாவுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய், அது எனக்குப் பிடித்திருந்தது. நான் பாதியில் நிறுத்தியதை நீ உன் கற்பனையில் முழுசாக்கி இத்தனை வருடம் வைத்திருக்கிறாய். இதை வாசித்துக் காட்டியபோது அப்பா கதிரையில் நிமிர்ந்து, “பூசினது நானெண்டே எழுதிவிடுமன், எனக்குப் பழகிப்போச்சு” என்றார். இல்லை, இந்தமுறை நான்தான்.

எனவே சுறா எண்ணெய் அனுப்பமாட்டேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பேணி கிறீஸ் வருகிறது, இப்போது பாதை திறந்தபிறகு அது கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. நட்டின் மறைப்புரிக்கும் தடியின் மறைப்புரிக்கும் அதைப் பூசு. தடிக்குப் பெயின்ற் அடித்தது நல்ல வேலை. றப்பரில் பெயின்ற் பட்டிருந்தால் துணியால் மெல்லத் துடை, பெற்றோலோ மண்ணெண்ணெயோ கொண்டு கழுவாதே. கடற்கரை வீதியால் வந்த அன்று நல்ல தண்ணியால் கீழ்ப்பக்கத்தைக் கழுவிவிடு, உப்பைக் காயவிடாதே. வெளிச் சாமான் எல்லாம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கம்பனிச் சாமான் கிடைக்காத இடத்தில் ஊர் முழுக்க அதில்தான் ஓடியது, இப்போதும் ஓடுகிறது. ஆனால் அதன் றப்பர் மெல்லியது, மினுக்கம் மெல்லியது, எனவே கம்பனிச் சாமானை வருடத்துக்கு ஒருதரம் பார்த்தால் இதை மாதத்துக்கு ஒருதரம் பார்க்க வேண்டும். உள்ளே கறள் போயிருந்தால் அதற்குச் சுரண்டலும் இல்லை, பூச்சும் இல்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது சுற்றை எண்ணிப் பூட்டினாலும், அது கராச்சுக்குப் போய்ச் சேரும்வரைக்குந்தான். அங்கே சில்லை அளந்து நேராக்கிக்கொள்.

நீ வெளியில் தேய்த்துக் கறுப்படித்த எண்டை நினைத்துத்தான் எனக்குப் பயம். நாலு மாதம் என்று விற்றவர் சொன்ன கணக்கு உண்மையோ என்று எங்களுக்குத் தெரியாது. கறள் தெரிந்தபோதாவது நீ குனிந்து பார்த்தாய், இப்போது அது கண்ணுக்கு அழகாகிவிட்டது. சனிக்கிழமை அவளுடைய தாயும் தகப்பனும் உன்னை நம்பித்தான் ஏறப்போகிறார்கள். மடு மாதாவை நீ கும்பிட முதலே ஒன்பது பேரையும் மாதாவிடம் பாரம் கொடுத்துவிடாதே, உன் பங்கை முதலில் செய். பிந்தி வந்தாலும் பரவாயில்லை, சோறு மூடி வைத்திருப்பேன். பஸ்ஸில் வந்தாலும் பரவாயில்லை, அப்பா சந்திக்கு வந்து நிற்பார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போது, வானைச் சமதரையில் விட்டு, எஞ்சினை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்துப் போட்டு, கட்டப்போகிறவளை ஸ்டியரிங்கில் இருத்தி இடமும் வலமுமாக நாலு விரல் அளவு மெல்ல ஆட்டச் சொல்லி, நீ கீழே படுத்து எண்டைச் சுற்றிக் கையைப் பொத்திப் பிடித்துப் பார்: உள்ளே குண்டு ஆடும் தட்டு உள்ளங்கையில் சின்னதாய்த் தெரிந்தாலும் சனிக்கிழமை வானை எடுக்காதே.